இடமாற்றக் கடிதத்தில் இல்லாத பெயர்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூறு ஆண்டு கண்ட பாடசாலையைப் பற்றிப் பேச மேடையேறுவோர் பெரும்பாலும் முதலாம் ஆண்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, உயர்தரம் முடித்து வெளியேறியவர்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. இன்று நாங்கள் நிற்பது வேறொரு கூட்டத்தின் சார்பில். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ திருகோணமலைக்கு வேலை மாற்றம் கிடைத்ததால் ஏழாம் ஆண்டிலோ ஒன்பதாம் ஆண்டிலோ வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். சேர்விடாப்பில் எங்கள் பெயர்கள் வரிசையாக இராது. ஆங்காங்கே தனித்தனியாகக் கிடக்கும். சிலர் ஐந்து வருடம் படித்தோம், சிலர் ஒரே ஒரு வருடம். இந்த உரையில் ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் அந்த இடமாற்றப் பிள்ளைகளையே குறிக்கும். அவர்களில் வைத்தியர்களாகி, இன்று தாங்களே இடமாற்றக் கடிதம் வாங்குபவர்களும் அடக்கம்.

எங்களைப் போன்றவர்கள் இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு பேர் வந்தோம் என்பதற்குக் காரணம் உண்டு. திருகோணமலை உத்தியோக ஊர். துறைமுகம், கச்சேரி, வைத்தியசாலை, வங்கிகள், புகையிரத நிலையம், சீனக்குடாப் பக்கம் மாவாலையும் சீமெந்துத் தொழிற்சாலையும். இவற்றோடு 1988 இல் வடக்கு-கிழக்கு மாகாணசபை அமைந்து, அதன் தலைமை அலுவலகங்கள் இங்கே நிலைகொண்டபோது, யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் உத்தியோகத்தர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாய், தலையணை, தையல் மெசின், அம்மம்மா, பிள்ளைகள் என்று குடும்பங்கள் வந்தன.

இடமாற்றக் கடிதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். இன்ன பதவியிலிருக்கும் இன்னார், இன்ன திகதியிலிருந்து, இன்ன அலுவலகத்தில் கடமையேற்க வேண்டும். அவ்வளவே. அந்த ஒரு பெயரோடு ஐந்து பேர் ஊர் மாறுவார்கள் என்பது கடிதத்துக்குத் தெரியாது. வருடாந்த இடமாற்றம் என்றால் பெரும்பாலும் தை மாதம் முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும். அந்நாளில் பாடசாலையும் தையிலேயே தொடங்கியதால் பிள்ளைகளுக்கு அது ஓரளவு வசதி. ஆனால் ‘சேவையின் அவசியம் கருதி’ என்று வரும் மாற்றத்துக்குத் தவணையும் தெரியாது, பரீட்சையும் தெரியாது. அது இரண்டாந் தவணையின் நடுவிலும் வரும்.

தை மாதத்தில் வருவதிலும் ஒரு சங்கடம். இங்கே அது மாரிகாலம். லொறியில் வந்த மெத்தைகள் நனைந்து, வாடகை வீட்டு விறாந்தையில் காயாமல் கிடந்து மணத்ததை நாங்கள் எவரும் மறக்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்தவர்களுக்குக் கடலோரப் பாதை ஓடமும் துறையுமாக இருந்தது. போர்க்காலத்தில் அதுவும் இயலாமற் போகப் பொலன்னறுவை, ஹபரணை என்று சுற்றி வந்தார்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல்தான் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து 1990களின் பிற்பகுதியில் வந்தவர்கள் காங்கேசன்துறையில் கப்பலேறி, வழி முழுக்கச் சத்தி எடுத்து, துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். மலைநாட்டுப் பிள்ளைகள் கண்டி, தம்புள்ளை வழியாகப் பஸ்ஸில் வந்து, இந்த வெக்கைக்குப் பழகப் பல மாதம் எடுத்தார்கள். வந்த மறுநாள் எல்லாரும் ஒன்றைக் கண்டு வாய்பிளந்தோம்: நகருக்குள்ளே மான்கள், ஆட்டுக்குட்டிகள் போல வீதியோரம் மேய்ந்துகொண்டு நின்றன. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும. அதே காலத்தில், அதே வகுப்புகளில், இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் வந்ததும் நாங்கள் வந்ததும் ஒன்றல்ல. எங்களுக்கு லொறி இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது, விட்டுவந்த வீடு நின்ற இடத்தில் நின்றது. அவர்கள் இழந்ததற்கு முன்னால் எங்கள் கவலை சின்னது. ஆயினும் வாசலில் புதிதாக நிற்கும் பிள்ளைக்கு எது தேவை என்பதை அவர்களோடு சேர்ந்துதான் நாங்கள் கற்றோம்.

புதுப் பாடசாலையின் முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை நாடெங்கும் ஒன்றுதான். ரை வேறு, தலைப்பின்னல் கட்டும் ரிபன் நிறம் வேறு. காலைக் கூட்டத்தில் எல்லாரும் பாடசாலைக் கீதம் பாட, நாங்கள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றோம். எந்த இல்லம் என்று கேட்டார்கள். எங்களுக்கு இல்லமே இல்லை. பாடத்திட்டம் ஒன்று என்பார்கள், ஆனால் பழைய பாடசாலையில் கணிதத்தில் இரண்டு அலகு பின்னால் நின்றிருப்போம், விஞ்ஞானத்தில் ஒன்று முன்னால். அங்கே சங்கீதம் எடுத்த பிள்ளைக்கு இங்கே அந்த நேரசூசியில் நடனம்.

எல்லாவற்றிலும் பெரியது பேச்சு. ‘பிறகு’ என்ற ஒரு சொல்லை எடுங்கள். மட்டக்களப்பிலிருந்து வந்தவள் “மறுகா வாறன்” என்பாள். யாழ்ப்பாணத்தாள் “பேந்து வாறன்” என்பாள். பதுளையிலிருந்து வந்தவள் “அப்புறம் வர்றேன்” என்பாள். மூன்றும் தமிழ்தான், மூன்றுக்கும் வகுப்பு சிரித்தது. முதற் கிழமை அந்தச் சிரிப்புக்குப் பயந்து நாங்கள் வாயே திறக்கவில்லை. இரண்டாந் தவணை முடிவதற்குள் வகுப்பில் பாதிப் பேர் ‘மறுகா’ சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை.

அந்த முதற் கிழமைக்கும் இரண்டாந் தவணைக்கும் இடையில் என்ன நடந்தது? பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பாசிரியை ஒரு பிள்ளையை எழுப்பி, “பிள்ளை, இவ புதுசு. உமக்குப் பக்கத்தில இருக்கட்டும். ரெண்டு கிழமைக்கு இவவை விட்டிட்டு ஒரு இடமும் போகக் கூடாது” என்றார். அந்தப் பிள்ளை அதை அதிபரின் கட்டளை போல எடுத்துக்கொண்டாள். தண்ணீர்க் குழாய் எங்கே, எந்தக் கழிவறைக் கதவுக்குக் கொண்டி இல்லை, கன்ரீனில் வடை முடியுமுன் எப்போது ஓட வேண்டும், எந்த ரீச்சருக்குக் கொப்பி உறை போடாவிட்டால் கோபம் வரும் என்றெல்லாம் சொல்லித்தந்தாள். விட்டுப்போன பாடங்களின் கொப்பியை வீட்டுக்குத் தந்தனுப்பினாள். சாப்பாட்டு மணிக்கு நாங்கள் தனியே பெட்டியைத் திறக்கவில்லை. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை, சுற்றுநிருபம் இல்லை, குழு இல்லை. வருடா வருடம் பழக்கமாக நடந்தது. எங்களில் பலர் பின்னால் வேறு ஊர்களிலும் படித்தோம். அங்கெல்லாம் அது தானாக நடக்கவில்லை. அப்போதுதான் அதன் பெறுமதி புரிந்தது.

இனி வைத்தியர்களாக நாங்கள் காண்பதைச் சொல்கிறோம். ஊர் மாறிய பிள்ளையைச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிவரும் தாய் பெரும்பாலும் “ஊர் மாறினோம்” என்று தொடங்குவதில்லை. “டொக்டர், திங்கட்கிழமை காலமையில வயித்துவலி” என்றுதான் தொடங்குவார். சனி, ஞாயிறு வலி இல்லை. சின்னப் பிள்ளையென்றால் நிறுத்தியிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பும். பெரிய பிள்ளையென்றால் தூக்கம் குழம்பும், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழும், புள்ளிகள் இறங்கும். முதலில் அந்த வயிற்றை ஒழுங்காகப் பரிசோதிக்க வேண்டும். நடிப்பு என்று தள்ளக் கூடாது. வலி உண்மையான வலி. உடம்பில் காரணம் இல்லையென்று கண்ட பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “இடைவேளையில யாரோட இருப்பீங்கள்?” அதற்குப் பிள்ளை ஒரு பெயரைச் சொன்னால் பாதி நோய் மாறிவிட்டது. பெயர் இல்லாவிட்டால் அங்கேதான் நோய் இருக்கிறது.

அநேகமான பிள்ளைகள் ஒரு தவணைக்குள் நிலைகொண்டுவிடுவார்கள். பாடசாலைக்குப் போக மறுப்பது வாரக்கணக்கில் நீடித்தால், உணவும் தூக்கமும் குறைந்து மெலிந்தால், வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறையேனும் வந்தால், காத்திராமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எந்த வயதில் மாறுவது கடினம் என்று அம்மாமார் கேட்பார்கள். சின்னப் பிள்ளைக்குத்தான் கடினம் என்பது பொதுவான எண்ணம். டென்மார்க்கில் 1971 முதல் 1997 வரை பிறந்த 14 இலட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்து 2016 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 12 முதல் 14 வயதுக்குள் ஊர்விட்டு ஊர் மாறியவர்களிடமே பிற்காலத்தில் மனநலப் பாதிப்புகளும் தற்கொலை முயற்சிகளும் கூடுதலாகக் காணப்பட்டன. வசதியுள்ள குடும்பங்களிலும் அப்படியே. மாறியதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. மாறிய பிள்ளைகள் எல்லாரும் பாதிக்கப்பட்டார்கள் என்றும் சொல்லவில்லை. இங்கே நிற்கும் நாங்களே சாட்சி. ஆனால் 12 முதல் 14 வயது என்பது நமது பாடசாலைகளில் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் தரங்கள். புலமைப்பரிசிலும் இல்லை, சாதாரண தரமும் இல்லை, ‘இப்ப மாறினால் பிரச்சினை இல்லை’ என்று நாம் நினைக்கும் அதே வருடங்கள். பரீட்சை இல்லாத வருடம் சுகமான வருடம் என்று பொருளல்ல. அந்த வயதுப் பிள்ளைக்குச் சிநேகிதிதான் ஊர்.

பெட்டி கட்டும்போது சில சின்ன விடயங்களைக் கவனியுங்கள். விடுகைப் பத்திரமும் முன்னேற்ற அறிக்கையும் எடுப்பதை ஒருவரும் மறப்பதில்லை. பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் தடுப்பூசி அட்டைகளையும் மறப்பார்கள். ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி 2017 இல் நம் நாட்டில் ஆரம்பமானபோது ஆறு மாத இடைவெளியில் இரு தடவையாகவே கொடுக்கப்பட்டது. முதலாவதை ஓர் ஊரில் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு வந்த பிள்ளை இரண்டாவதைத் தவறவிடுவது எவ்வளவு எளிது! புது ஊரில் வீட்டுச் சாமான் இறக்கிய கிழமையே குடும்பநல உத்தியோகத்தரிடமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பதிந்துவிடுங்கள். மூச்சிழுப்பு, வலிப்பு போன்ற நீண்டகால நோயுள்ள பிள்ளைக்கு இரண்டு மாத மருந்தும் கிளினிக் கொப்பியும் லொறியில் போகக் கூடாது. கையில் வர வேண்டும்.

இனி, பலரும் தயங்கிப் பேசும் விடயத்துக்கு வருகிறோம். இன்று மாற்றம் வந்தால் பல குடும்பங்கள் கூடி மாறுவதில்லை, பிரிகின்றன. அப்பா ஓர் அறை எடுத்துத் தனியே இருந்து, வெள்ளி இரவு பஸ்ஸேறி, ஞாயிறு இரவு திரும்புகிறார். அல்லது அம்மா அப்படிச் செய்கிறார். அல்லது அம்மா பதவி உயர்வையே வேண்டாம் என்கிறார். இந்தப் பாடசாலை படிப்பித்து வைத்தியராகவும் பொறியியலாளராகவும் நிருவாக சேவை உத்தியோகத்தராகவும் ஆக்கிய பெண்கள் நாற்பது வயதில் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இரவில் விழித்திருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் பாசக் குறைவல்ல, கணக்கு. முதலாந் தர அனுமதியில் நீண்ட காலமாக இருந்துவரும் ஒதுக்கீட்டில் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீதம்; சேவையின் தேவைக்காக இடமாற்றம் பெற்றோரின் பிள்ளைகளுக்கு 4 வீதம். எங்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே படித்ததால் எங்கள் மகள்மாருக்கு இந்தப் பாடசாலையில் அந்த 25 இல் உரிமை உண்டு. ஆனால் நாங்கள் இருப்பது குருநாகலிலோ கொழும்பிலோ வவுனியாவிலோ. அங்கே எங்கள் பிள்ளைகள் நிற்பது அந்த 4 இன் வாசலில். உரிமை ஓர் ஊரில், வீடு இன்னோர் ஊரில்.

உயர்தரத்தில் கணக்கு இன்னும் கடினம். பெரும்பாலான பல்கலைக்கழகக் கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் தகுதியிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், மிகுதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் என்று பங்கிடப்படுகிறது. பிள்ளையின் மாவட்டம் எது என்பதை உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்களில் பெரும்பகுதி எங்கே படித்தார் என்பது தீர்மானிக்கிறது. பதினோராம் தரத்தில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குக் குடும்பத்தோடு மாறினால் பிள்ளை கொழும்போடு போட்டியிட வேண்டும். ஆகவே அம்மம்மாவோடு விட்டுப் போகிறார்கள்.

கூட்டிப் போவதா, விட்டுப் போவதா என்று இளைய தங்கைமார் எங்களைக் கேட்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் பதில் இல்லை. எங்கள் அனுபவமும் தொழிலும் சொல்வது இவ்வளவுதான். உயர்தரத்துக்கு இரண்டு வருடமே இருந்தால், நம்பிக்கையான ஒரு வீடும் இருந்தால், விட்டுப் போவதில் நியாயம் உண்டு. அதற்குக் குறைந்த வயதில், முடிந்தவரை ஒன்றாகப் போங்கள். பாடசாலையின் பெயர் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே வீட்டில் இருப்பதை எந்தப் பாடசாலையும் ஈடுசெய்யாது. கடிதம் வந்த அன்றே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். லொறி வந்து நிற்கும்போது சொல்லாதீர்கள். சிநேகிதிகளிடம் விடைபெற ஒரு நாள் விடுங்கள். தனியே போக நேர்ந்தாலும் அதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். தகப்பன் தனியே போனால் தியாகம், தாய் தனியே போனால் கல்நெஞ்சு என்று சொல்லும் நாக்குகளை நாம், இந்தப் பாடசாலைப் பெண்களாவது, நம்மிடையே வைத்திராமல் இருப்போம்.

வந்ததைப் போலவே நாங்கள் போனதும் கடிதத்தாலேதான். வடக்கும் கிழக்கும் 2007 முதல் தனித்தனி மாகாணங்களாக இயங்கத் தொடங்கி, வடக்கின் அலுவலகங்கள் சில காலத்தின் பின் யாழ்ப்பாணம் சென்றபோது, எங்களுக்குப் பின்வந்த இடமாற்றப் பிள்ளைகள் பலர் மறுபடி பெட்டி கட்டினார்கள். ஓட்டோகிராப் கொப்பிகளில் எழுதிய விலாசங்கள் மாறின. அப்படிப் போன பிள்ளைகளில் பலர் இன்று எந்தச் சங்கக் கிளையிலும் இல்லை. ‘நான் அங்க ரெண்டு வருசந்தானே படிச்சனான், என்னைப் பழைய மாணவி எண்டு சொல்லலாமோ’ என்று கூசுகிறார்கள். சொல்லலாம். இரண்டு தவணை படித்தாலும் சொல்லலாம்.

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, இடையில் வந்து இடையில் போனவர்களையும் சேர்விடாப்பைப் பார்த்துத் தேடி அங்கத்தவர்களாக்குங்கள்.

இரண்டு, அந்த வகுப்பாசிரியை வாய்மொழியாகச் செய்ததைப் பாடசாலையின் நிரந்தர வழக்கமாக்க உதவுங்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், எந்தத் தரமானாலும், முதல் இரண்டு கிழமைக்குப் பக்கத்தில் இருக்க ஒரு பிள்ளை. விட்டுப்போன பாடங்களுக்கு ஒரு கொப்பித் தொகுதி. கீதம் அச்சிட்ட ஒரு தாள். ஆசிரியைமார் சம்மதித்தால் கொப்பிச் செலவைச் சங்கம் ஏற்கலாம்.

மூன்றாவது வெளியூரில் வாழும் நமக்கெல்லாம். கண்டியிலும் கொழும்பிலும் வவுனியாவிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் நாம் இருக்கிறோம். நம்மில் ஒருத்திக்கு உங்கள் ஊருக்கு மாற்றம் வருகிறதென்று தெரிந்தால் நீங்கள் முதலில் தொலைபேசி எடுங்கள். வீடு எங்கே மலிவு, எந்தப் பாடசாலையில் இடம் உண்டு, காய்ச்சல் என்றால் எந்த வைத்தியர், பிள்ளைக்குச் சங்கீத ரீச்சர் யார் என்று சொல்லிக்கொடுங்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அடுப்புப் பொருத்தாத வீட்டில் அந்த ஒரு சாப்பாடு பெரிய உதவி.

வாசலில் வந்து நின்ற எங்களை எந்த ஊர், எந்தப் பேச்சு என்று பாராமல் பக்கத்தில் இருத்திக்கொண்ட தோழிகளுக்கும், இருத்தச் சொன்ன ஆசிரியைகளுக்கும் இந்த மேடையில் நன்றி சொல்கிறோம். அவர்களில் சிலர் இன்று இல்லை, அவர்களை வணங்குகிறோம். நமது பாடசாலை அடுத்த நூறாண்டிலும் இடையில் வரும் பிள்ளைகளுக்கும் இடம் வைத்திருக்க வாழ்த்துகிறோம்.